எச்சமும் முடிபும்

பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு வேண்டும் பொருளைப்பற்றிய ஒரு சிந்தனை

இலக்கண வகுப்பிலே எச்சம் என்னும் பகுதியைக் கற்பிக்கும்போது மாணாக்கர் தடை எழுப்புவது வழக்கம். “வந்த” என்பது பெயரெச்சம். “வந்து” என்பது வினையெச்சம். இவை தாமாகத் தனித்து நின்று பொருள் நிரம்பமாட்டா. “வந்த” என்பது “மாணவன்” என்னும் பெயரையும், “வந்து” என்பது “போனான்” என்னும் வினையையும் கொண்டு முடியும்போதே கருத்து நிறைவுறும். இவ்வளவையும் யான் சொல்லி முடித்த ஒரு நாள், பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, மிச்சம், கழிவு என்றெல்லாம் பொருள்படும் எச்சம் என்ற சொல்லை ஏன் இங்கே வைத்தார்கள்? பறவையின் எச்சமும் இதுவும் ஒன்றா?” என்று வினவினான். வகுப்பு முழுவதும் நகைத்தது. யான் நகைக்கவில்லை. எஞ்சி நிற்பது எச்சம். அது பயனற்றது அன்று. தன்னை முடிக்குஞ் சொல்லை நோக்கி நிற்பது. அச்சொல் கிடைக்கும் வரையுமே அது குறை என்று விடை பகர்ந்தேன்.

அம்மாணவன் பின்னர்ப் பொறியியல் கற்றுப் பிறநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலே கட்டடப் பொருள்களைப்பற்றி ஆராய்ச்சி செய்பவனாயினான். சில காலத்தின் முன் ஊருக்கு வந்திருந்தபோது என் இல்லத்திற்கும் வந்தான். “ஐயா, அன்று நீங்கள் சொன்னதுதான் இன்று என்னுடைய தொழில். ஓர் ஆலையின் எச்சத்துக்கு முடிக்குஞ் சொல்லைத் தேடுகிறேன். சொல் கிடைத்துவிடும் போலிருக்கிறது, ஆனால், அடுத்த வருடச் சம்பளம் கிடைக்குமோ தெரியாது,” என்றான். முன்னைய வாக்கியத்தைக் கேட்டு மகிழ்ந்த யான் பின்னைய வாக்கியத்தைக் கேட்டுத் திகைத்தேன். இக்கட்டுரை அத்திகைப்பிலே பிறந்தது.

யான் பொறியியல் கற்றவனல்லேன். ஆயினும், ஒரு பொருளைத் தெளிவுற அறிந்து பிறர்க்கு எடுத்துரைத்தல் ஆசிரியனுக்குரிய தொழிலாகலின், அவன் தந்த நூல்களையும் பிறவற்றையும் படித்து அறிந்தவற்றை இவ்விழா மலரிலே பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் ஒரு பாடமாக வைக்கின்றேன்.

வட்டப் பொருளாதாரம்

மண்ணைத் தோண்டிப் பொருளை எடுத்தல், அதனை ஆக்குதல், பயன்படுத்துதல், எறிதல் என்னும் நான்கும் ஒரு நேர்கோட்டிலே செல்வன. கோட்டின் ஒரு முனையிலே சுரங்கம் குழியாகின்றது. மற்றை முனையிலே குப்பை மலையாகின்றது. இவ்விரு முனைகளையும் வளைத்து இணைத்து, எறியப்படுவதையே மீண்டும் எடுக்கப்படுவதாக ஆக்கினால் கோடு வட்டமாகும். இதனையே இக்காலத்து அறிஞர் வட்டப் பொருளாதாரம் என்பர்.

இக்கருத்து ஒரு நாளிலே தோன்றியதன்று. கென்னத் போல்டிங் என்னும் பொருளியலறிஞர் 1966 ஆம் ஆண்டிலே, பூமியை எல்லையற்ற வெளியாகக் கருதாது, கொண்டுசெல்லும் உணவும் நீரும் காற்றும் அளவுபட்ட ஒரு விண்கலமாகக் கருதவேண்டும் என எழுதினார். 1976 ஆம் ஆண்டிலே வால்ட்டர் ஸ்ராகல் என்னும் சுவிற்சர்லாந்துக் கட்டடக் கலைஞர், பொருள்களின் ஆயுளை நீட்டிப் பழுதுபார்த்து வழங்கினால் எரிபொருள் குறையும், தொழில் பெருகும் என ஐரோப்பிய ஆணைக்குழுவுக்கு ஓர் அறிக்கை தயாரித்தளித்தார். 1990 ஆம் ஆண்டிலே பியேர்ஸ், ரேணர் என்னும் இரு பொருளியலறிஞர் தமது நூலில் வட்டப் பொருளாதாரம் என்னும் தொடரை எடுத்தாண்டு விளக்கினர். சீனம் 2008 ஆம் ஆண்டிலே இதற்கெனச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, அடுத்த ஆண்டு நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஆம் ஆண்டிலே முதற் செயற்றிட்டத்தை வெளியிட்டது.

“இது நமக்குப் புதிதோ? பனையோலை வேலியைப் பிரித்துப் புகையிலைத் தோட்டத்திலே பசளையாகத் தாழ்த்த நம் முன்னோர் இதனை அறியாரோ?” என்று கேட்பார் உளர். அறிந்திருந்தனர். ஆயினும், ஓலையை மண் உண்ணும் என்பது கண்ணாற் கண்டறியக்கூடியது. ஆலையின் சாம்பலை எது உண்ணும் என்பது கண்ணாற் கண்டறியக்கூடியதன்று. அதனை அறியப் பரிசோதனைச்சாலை வேண்டும். பரிசோதனைச்சாலைக்குப் பொருள் வேண்டும். நமது பழைய வழக்கத்துக்கும் புதிய பொறியியலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தென்மார்க்கு நாட்டிலே கலுண்பொர்க் என்னும் கடற்கரை நகர் உண்டு. அங்கே நிலத்தடி நீர் அரிதாகலின், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு ஏரி நீரைக் கொண்டுவரும் திட்டம் 1961 ஆம் ஆண்டிலே உருவாயிற்று. 1972 ஆம் ஆண்டிலே, அவ்வாலையின் மிகைவாயுவை அயலிலிருந்த ஜிப்சம் பலகைத் தொழிற்சாலை எரிபொருளாகப் பெற்றது. பின்னர் மின்னிலையத்தின் நீராவி பிற ஆலைகளுக்குச் சென்றது. மின்னிலையம் நிலக்கரியை எரித்த காலத்தில், அதன் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும்போது உண்டான ஜிப்சம் பலகைத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாயிற்று. ஓராலையின் எச்சத்தை மற்றோராலை முடித்து வைத்தது. ஆனால், அம்மின்னிலையம் நிலக்கரியை விட்டு மரத்துண்டுகளை எரிக்கத் தொடங்கியபின் அந்த ஜிப்சம் வரவு நின்றது. ஆகவே, ஒருமுறை இணைத்த வட்டம் என்றும் நிலைத்திருக்கும் என எண்ணலாகாது. காலந்தோறும் புதிய முடிபுகளைத் தேடவேண்டும். தேடுதல் நிற்குமாயின் வட்டமும் அறும்.

சீமெந்து என்னும் உதாரணம்

பொதுவாகப் பேசுவதினும் ஒரு பொருளை எடுத்து ஆராய்தல் நன்று. ஆகலின், யாம் நாள்தோறும் காணும் சீமெந்தை எடுத்துக்கொள்வாம்.

இன்று வழங்கும் போட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் யோசேப்பு அஸ்ப்டின் என்பவர் 1824 ஆம் ஆண்டிலே உரிமைப்பத்திரம் பெற்றார். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் கலந்து ஏறக்குறைய 1450 பாகை செல்சியஸ் வெப்பத்திற் சுட்டால் கிளிங்கர் என்னும் கட்டி உண்டாகும். அதனைச் சிறிது ஜிப்சத்துடன் அரைத்த மாவே சீமெந்து. உலகம் ஆண்டுதோறும் உற்பத்தி செய்யும் சீமெந்து ஏறக்குறைய 400 கோடி தொன். மனிதர் வானிற் செலுத்தும் காபனீரொட்சைட்டிலே நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு இத்தொழிலினின்றும் எழுவது.

எரிபொருளை மாற்றினால் இக்குறை நீங்காதோ எனின், முற்றும் நீங்காது. விஞ்ஞானம் கற்கும் மாணவர் ஒரு கணக்கைச் செய்து பார்க்க: 100 கிராம் தூய கல்சியங்காபனேற்றைச் சூடாக்கினால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும், 44 கிராம் காபனீரொட்சைட்டாக வெளியேறும். விறகால் எரித்தாலென், வெயிலாற் சூடாக்கினாலென், அந்த 44 கிராம் கல்லினுள்ளே இருந்தே வருவது. சீமெந்து ஆலையின் புகையிற் பெரும்பங்கு இவ்வாறு கல்லிலிருந்தே பிறக்கின்றது. ஆகவே, செய்யத்தக்கது யாதெனின், கிளிங்கரைக் குறைத்து அதனிடத்திலே வேறொரு பொருளை வைத்தலாம்.

அவ்வேறு பொருள்களாக நெடுங்காலம் பயன்பட்டவை இரண்டு எச்சங்கள். இரும்பாலையின் உலைக்கசடு ஒன்று. நிலக்கரி மின்னிலையத்தின் பறக்குஞ் சாம்பல் மற்றையது. இவை நல்லவையே. ஆயினும், உலகத்தின் சீமெந்துத் தேவையோடு ஒப்பிட்டால் உலைக்கசடு மிகச் சிறிது. நிலக்கரி நிலையங்கள் மூடப்பட மூடப்படச் சாம்பலும் குறையும். கலுண்பொர்க்கிலே கண்ட உண்மை இங்கும் பொருந்துகின்றது.

இவ்விடத்திலே சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியை கரென் ஸ்கிறிவெனர் அவர்களும், கியூபாவின் சாந்தா கிளாரா நகரிலுள்ள லாஸ் வில்லாஸ் மத்திய பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பெர்னாண்டோ மார்ட்டிரேனா அவர்களும் கூடிச் செய்த ஆராய்ச்சி கருதத்தக்கது. 1991 ஆம் ஆண்டிலே சோவியத் ஒன்றியம் குலைந்தபின் கியூபா எரிபொருளின்றித் தவித்தது. சீமெந்து உற்பத்தியும் வீழ்ந்தது. வீடு கட்டுதற்கு வேண்டிய பொருளை உள்ளூர் மண்ணிலே தேடவேண்டிய கட்டாயம் அந்நாட்டு ஆராய்ச்சியாளர்க்கு உண்டாயிற்று. லோசானிலோ நுண்ணிய கருவிகளும் சீமெந்தின் அகவமைப்பைப்பற்றிய ஆழ்ந்த அறிவும் இருந்தன. ஒருவரிடம் தேவையும் அனுபவமும்; மற்றவரிடம் கருவியும் கோட்பாடும். இவையும் ஒன்றையொன்று நோக்கிய எச்சங்களே.

அவர்கள் கண்டது இது: கயோலினைற்று என்னும் கனியம் கலந்த களிமண்ணை 700 முதல் 850 பாகை வரை சுட்டால், சீமெந்து நீருடன் கூடும்போது உண்டாகும் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும் தன்மையை அது பெறும். இது முன்னரும் அறிந்ததே. புதியது யாதெனின், சுட்ட களிமண்ணோடு சுடாத சுண்ணாம்புக்கல் மாவையும் சேர்த்தால், களிமண்ணிலுள்ள அலுமினாவும் கல்லிலுள்ள காபனேற்றும் தம்முட் கூடிப் புதிய சேர்வைகளாகி இடைவெளிகளை நிரப்பி வலுவூட்டும் என்பது. இதனை விளக்கும் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று 2012 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. கிளிங்கர் 50 பங்கு, சுட்ட களிமண் 30 பங்கு, சுண்ணாம்புக்கல் 15 பங்கு, ஜிப்சம் 5 பங்கு என்னும் கலவை, ஏறக்குறைய ஒரு வாரத்திலே சாதாரண சீமெந்துக்கு ஒப்பான வலிமையை அடைகின்றது. களிமண்ணைச் சுடுதற்கும் எரிபொருள் வேண்டுமாகலின், கிளிங்கர் பாதியாய்க் குறைந்தாலும் காபனீரொட்சைட்டு பாதியாய்க் குறையாது. நூற்றுக்கு 30 முதல் 40 வரை குறையும்.

இதில் வட்டப் பொருளாதாரம் எங்கே உளது எனின், மட்பாண்டத் தொழிலுக்கும் கடதாசித் தொழிலுக்கும் வெண்மையான உயர்ந்த களிமண்ணே வேண்டும். சிவந்ததும் மணல் கலந்ததுமான தாழ்ந்த களிமண்ணைச் சுரங்கத்தார் ஒதுக்கிக் குவிப்பர். இச்சீமெந்துக்கோ நூற்றுக்கு 40 அளவு கயோலினைற்று இருந்தாற் போதும். ஒதுக்கிய குவியலே மூலப்பொருளாகின்றது. தரங்குறைந்தது எனத் தள்ளப்பட்ட சுண்ணாம்புக்கல்லும் அவ்வாறே இடம்பெறுகின்றது.

மூன்று நிலையும் மூவகை நிதியும்

மேற்கூறிய வரலாற்றைப் படிக்குங்கால், ஒரு புத்திமான் ஒருநாட் காலையிலே கண்டுபிடித்துவிட்டார்போலத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. இரு பல்கலைக்கழகங்களும் கூடி உழைக்கத் தொடங்கியது 2000 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே. ஆலை அளவிலே நூற்றுக்கு மேற்பட்ட தொன் சீமெந்தைக் கியூபாவிற் சோதனையாகச் செய்தது 2013 ஆம் ஆண்டிலே. ஐரோப்பாவின் சீமெந்து நியமங்களிலே இத்தகைய கலவைக்கு இடங்கொடுத்தது 2021 ஆம் ஆண்டிலே. இந்தியா தனக்கென நியமம் வகுத்தது 2023 ஆம் ஆண்டிலே. விதை ஊன்றியவர் கனியைக் காண ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன. அவ்விருபது ஆண்டும் ஆராய்ச்சியாளர் உண்டு உடுத்து வாழ்ந்தாலன்றோ ஆராய்ச்சி நடைபெறும்?

ஆராய்ச்சிக்கு வேண்டும் பொருளை மூவகைப்படுத்தி நோக்கலாம்.

முதலாவது, அறிவுக்காக வழங்கப்படும் நிதி. களிமண்ணும் காபனேற்றும் எவ்வாறு கூடுகின்றன என்னும் வினாவுக்கு அன்று சந்தையிலே விலையில்லை. இத்தகைய வினாக்களுக்கு நாடுகளின் விஞ்ஞான நிதியங்களே பொருள் தரும். சுவிற்சர்லாந்திலே தேசிய விஞ்ஞான நிதியம் இப்பணியைச் செய்கின்றது.

இரண்டாவது, இடைப்பட்ட நிலைக்கு வேண்டும் நிதி. பரிசோதனைச்சாலையிலே ஒரு கிண்ணம் சீமெந்து செய்தல் வேறு. ஆலையிலே நூறு தொன் செய்தல் வேறு. இந்நிலையிலே விஞ்ஞான நிதியம், “இது எமது வேலையன்று” என ஒதுங்கும். ஆலை முதலாளி, “இன்னும் உறுதிப்படவில்லை” எனப் பின்வாங்குவார். நல்ல ஆராய்ச்சிகள் பல மடிந்தொழிவது இவ்விடத்திலேயே. மேற்கூறிய சீமெந்தைக் காப்பாற்றியது சுவிற்சர்லாந்து அரசின் அபிவிருத்தி ஒத்துழைப்பு முகவரகம். பிறநாட்டு மக்களின் நன்மைக்கென ஒதுக்கிய பொருளிலிருந்து அது உதவிற்று. அவ்வுதவியினால் டில்லி, மும்பாய், சென்னை ஆகிய இடங்களிலுள்ள இந்தியத் தொழினுட்பக் கழகங்களும் இம்முயற்சியிலே சேர்ந்தன. சென்னையிலே பேராசிரியர் மனு சந்தானம் முதலியோர் இச்சீமெந்தாற் செய்த கொங்கிறீற்றின் நீடித்துழைக்கும் தன்மையை ஆராய்ந்தனர். கடல் உப்பு உட்புகுந்து இரும்புக்கம்பியைத் துருப்பிடிக்கச் செய்வதை இது சாதாரண சீமெந்தினும் நன்றாக எதிர்க்கின்றது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு. கடல் சூழ்ந்த நமக்கு இது சிறு செய்தியன்று.

மூன்றாவது, தொழிலதிபர் இடும் முதல். கொலம்பியா நாட்டிலே பெரிய சீமெந்து நிறுவனம் ஒன்று 2020 ஆம் ஆண்டளவிலே களிமண் சுடும் ஆலையை நிறுவியது. முதலிரு நிதிகளும் வழி அமைத்த பின்னரே மூன்றாவது நிதி அவ்வழியே நடந்து வந்தது என்பதை மனத்திற் கொள்க.

ஒரு பொருளைப் பற்றிப் பல்லாண்டு தொடர்தல் ஒரு முறை. பல துறைகளை ஒருங்கே எடுத்துப் பெருநிதி வழங்குதல் மற்றொரு முறை. பிரித்தானியா இரண்டாவது முறையையும் கைக்கொண்டது. 2021 ஆம் ஆண்டிலே 3 கோடி பவுண் செலவிலே வட்டப் பொருளாதார ஆராய்ச்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கி ஐந்து நிலையங்களை அமைத்தது. துணிக்கு அரச கலைக் கல்லூரி; உலோகத்துக்கு புரூனல் பல்கலைக்கழகம்; இரசாயனத்துக்கு லவ்பறோ பல்கலைக்கழகம்; கட்டடக் கனியங்களுக்கு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி; மின்கலம் முதலியவற்றுக்கு வேண்டும் அரிய உலோகங்களுக்கு எக்செற்றர் பல்கலைக்கழகம் என ஐந்தும் தலைமை தாங்கின. பொறியியலாளரோடு பொருளியலார், சட்டவறிஞர், வடிவமைப்பாளர் ஆகியோரையும் ஒரே நிலையத்தில் இருத்தியமை இத்திட்டத்தின் சிறப்பு. ஏனெனில், ஓர் எச்சத்துக்குப் பயன் உண்டென இரசாயனம் கூறினாலும், அதனை வாங்குவார் உளரா, சட்டம் இடங்கொடுக்குமா என்பவை வேறு வினாக்கள்.

நிதியின் குறைகள்

பொருள் வழங்குதல் நன்று. வழங்கும் முறையிலே குறையுமுண்டு. அவற்றை மறைத்தல் பாடத்திற்கு அழகன்று.

நிதி பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கே வழங்கப்படும். கொங்கிறீற்றோ ஐம்பது ஆண்டு நிற்கவேண்டிய பொருள். ஐம்பதாண்டுக்கு உரிய வினாவை மூன்றாண்டிலே முடிக்கச் சொன்னால், ஆராய்ச்சியாளன் முடிக்கக்கூடிய சிறிய வினாவையே தேர்ந்தெடுப்பான். என் மாணவனுடைய கவலை இதனையே சார்ந்தது. வினா வளர்ந்துகொண்டிருக்கும்போது சம்பளம் முடிந்துவிடுகின்றது. வேலை தேடி அவன் வேறு துறைக்குப் போவானாயின், அவன் கைப்பழக்கமும் அவனோடு போய்விடும். அச்சிட்ட கட்டுரை எஞ்சும். கலவையின் பதம் எஞ்சாது.

நிதி வழங்குவோர் புதுமையை விரும்புவர் என்பது அடுத்த குறை. ஒருவர் கண்டதை மற்றொருவர் வேறு மண்ணிலே, வேறு காலநிலையிலே மீண்டும் செய்து பார்த்தல் அவசியம். ஆனால், “முன்னரே செய்ததுதானே” என்று அதற்குப் பொருள் மறுக்கப்படும். மண்ணோ ஊருக்கு ஊர் வேறுபடும். லோசானிலே பொருந்தியது நம் ஊரிலே பொருந்துமா என்பதை நம் ஊரிலேயே காணவேண்டும்.

பெயரின் மயக்கம் வேறொரு குறை. நிலைபேறு, வட்டம் என்னும் சொற்கள் நிதி பெற்றுத்தரும் சொற்களாகிவிட்டமையால், பழைய ஆராய்ச்சிக்குப் புதிய பெயர் சூட்டுவாரும் உளர். இடித்த கட்டடத்தை உடைத்து வீதிக்கு நிரவுதலும் மீள்பயன்பாடே. ஆயினும், தூணாக நின்றது வீதிக்கல்லாகித் தரம் இறங்குகின்றது. வட்டத்தை ஒவ்வொரு முறை சுற்றும்போதும் வலு செலவாகும். சிறிது பொருளும் இழக்கப்படும். இழப்பில்லாத வட்டம் ஏட்டிலேயன்றி உலகில் இல்லை. இவ்வுண்மையை ஒளிக்கும் ஆராய்ச்சிக்குப் பொருள் கொடுத்தல் வீண்.

மேற்கூறிய சீமெந்தும் குறையற்றதன்று. சுட்ட களிமண் நீரை மிகுதியாக வேண்டும். அதனைச் சமப்படுத்த வேறு இரசாயனம் சேர்த்தல் வேண்டும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கொங்கிறீற்றினுள் மெல்லப் புகுந்து கம்பியின் காப்பைக் கெடுப்பதைத் தடுக்கும் ஆற்றல் இதற்குச் சாதாரண சீமெந்திலும் குறைவு. ஆகவே, கட்டியபின் நீருற்றிப் பதப்படுத்துதலிலே கவனம் மிக வேண்டும். இக்குறைகளை ஆராய்ச்சியாளரே ஆராய்ந்து வெளியிட்டனர். பொதுநிதி பெற்ற ஆராய்ச்சியின் பயன்களுள் இதுவும் ஒன்று. விற்பவன் தன் பொருளின் குறையை வலிந்து சொல்லான். பொதுப்பொருளைப் பெற்றவன் சொல்லக் கடமைப்பட்டவன்.

நம்மவர் கடன்

இனி, இப்பாடம் நம்மை எவ்வாறு தொடுகின்றது என்பதை நோக்குவாம்.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950 ஆம் ஆண்டிலே உற்பத்தியைத் தொடங்கியது. 1990 ஆம் ஆண்டிலே போரினால் மூடப்பட்டது. நம் பழைய மாணவர் பலருடைய தந்தையர்க்கு அது சோறளித்தது. கல் அகழ்ந்த குழிகள் இன்றும் உள. அதே சுண்ணாம்புக்கல்லே குடாநாட்டின் நிலத்தடி நீரைத் தாங்கி நிற்பது. ஆகவே, கிளிங்கரைக் குறைக்கும் ஆராய்ச்சி வானத்தைப்பற்றியது மாத்திரமன்று, நமது கிணற்றைப்பற்றியதுமாகும். நாட்டின் தென்பகுதியிலே பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் கயோலின் களிமண் உண்டு. நுரைச்சோலை மின்னிலையத்திலே சாம்பல் உண்டு. எச்சங்கள் நம்மிடமும் இருக்கின்றன. அவற்றுள் எது எதனோடு முடியும், எவ்வளவு முடியும் என்று பரிசோதித்துச் சொல்வதற்கு ஆட்கள் வேண்டும்.

ஆனால், நம் நாடு ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிடும் பொருள், மொத்த உள்நாட்டு உற்பத்தியிலே நூற்றுக்கு 0.1 அளவிலேயே நெடுங்காலம் நின்றுள்ளது. சுவிற்சர்லாந்து நூற்றுக்கு 3 இற்கு மேற் செலவிடுகின்றது. “அவர்கள் செல்வர், நாமோ 2022 ஆம் ஆண்டிலே கடன் கட்டமுடியாது நின்றவர்கள். நமக்கு ஆராய்ச்சி எதற்கு?” என்பார்க்குக் கியூபாவே விடை. அந்நாடு செல்வத்திலே ஆராயத் தொடங்கவில்லை, தட்டுப்பாட்டிலே தொடங்கியது. அந்நியச் செலாவணி இன்றி 2021, 2022 ஆம் ஆண்டுகளிலே சீமெந்துக்கு நாம் அலைந்ததை மறந்துவிடுதல் தகாது. இல்லாமையே வினாவை எழுப்புகின்றது. வினாவை எழுப்பியவர் விடையையும் தேடாவிடின், பிறர் தேடிய விடையை விலைகொடுத்து வாங்கவேண்டி வரும்.

பழைய மாணவராகிய நீங்கள் உலகின் பல பாகங்களிலும் சிறப்புற்று வாழ்கின்றீர்கள். கல்லூரியை மறவாது மண்டபமும் நூலகமும் விளையாட்டரங்கும் கட்டித் தந்தீர்கள். அவற்றின் நிழலிலே இருந்து கற்பிக்கும் யான் அந்நன்றியை மறவேன். ஆயினும், ஒன்றை வணக்கத்துடன் கேட்கின்றேன். கட்டடத்துக்குக் கொடுத்தாற் பெயர்க்கல் நாட்டலாம், திறப்புவிழா நடத்தலாம். ஆராய்ச்சி மாணவன் ஒருவனுக்கு ஐந்தாண்டுச் சம்பளம் கொடுத்தாற் பெயர்க்கல் நாட்ட இடமில்லை. விடை கிடையாமலும் போகலாம். அதனாலேயே அக்கொடை அரிது, அரிதாகலின் பெரிது.

கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. நம் கல்லூரியில் எண்ணும் எழுத்தும் கற்ற பிள்ளைகள் அங்கும் பேராதனையிலும் மொறட்டுவையிலும் கற்கின்றனர். அவர்களுள் ஒருவன் நம் ஊர் மண்ணையும் கல்லையும் சாம்பலையும் ஆராய்வதற்கு, இடையிற் கைவிடாது ஐந்தாண்டு உதவும் புலமைப்பரிசில் ஒன்றைப் பழைய மாணவர் சங்கம் நிறுவலாம். மூன்று நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, பெற்ற முடிபு நல்லதாயினும் தீயதாயினும் வெளியிடப்படவேண்டும். இரண்டாவது, பிறர் செய்ததை நம் மண்ணிலே மீண்டும் செய்து பார்த்தலும் ஆராய்ச்சியாகவே மதிக்கப்படவேண்டும். மூன்றாவது, முடிபு ஆங்கிலத்தில் மாத்திரமன்றி, மேசனும் ஒப்பந்தகாரரும் படித்தறியும் தமிழிலும் எழுதப்படவேண்டும். மூன்றாவதற்கு வேண்டிய உதவியைத் தமிழாசிரியர்களாகிய எங்களிடம் கேட்கலாம். அது எங்களால் இயலும் பணி.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். குப்பை என்று ஒன்றைக் காணும்போது, “இது எச்சம், இதன் முடிபு யாது?” என்று கேட்கப் பழகுங்கள். இரசாயன வகுப்பிலே கேட்கும் வினாவும் இலக்கண வகுப்பிலே கேட்கும் வினாவும் ஒன்றேயாதல் அப்போது புலப்படும்.

அன்று என் இல்லத்திற்கு வந்த மாணவன் புறப்படும்போது, “ஐயா, முடிக்குஞ் சொல் வராமலே ஒரு வாக்கியம் நின்றுவிட்டால் அதை என்ன சொல்வது?” என்று கேட்டான். அதற்கு இலக்கணத்திலே விடை தேடி யான் சிறிது நேரம் நின்றேன். “எழுதினவன் எழுந்து போய்விட்டான் என்று சொல்வது,” என்றேன். அவன் எழுந்து போகாதிருக்கும்படி செய்தல் நம் கையில் இருக்கின்றது.

கல்லூரி வாழ்க! கற்றோர் கொடை வளர்க!